கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தும் ஏன் ஆள் சேரவில்லை?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. வீட்டிலிருந்தபடி தைப்பவர்களுக்காக ஓர் இணையக் குழு தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. 1,140 பேர் சேர்ந்திருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் 30 பேர்தான். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு கருத்துக்கணிப்பு வைத்தீர்கள். 212 பேர் பதில் சொன்னார்கள். அதிக வாக்கு வாங்கியவை காணொளிப் பாடங்களும், டவுன்லோட் செய்துகொள்ளும் கட்டிங் பேட்டர்ன்களும். இரண்டு மாதம் உழைத்து இரண்டையும் செய்து கொடுத்தீர்கள். கூட்டம் கூடவில்லை. "இன்னும் ஆட்களைக் கொண்டுவர என்ன விளம்பரம் செய்யலாம்?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியை ஒதுக்கிவைக்கிறேன். வந்தவர் தங்காத இடத்துக்கு இன்னும் ஆளை அனுப்பினால் பெயர்தான் கெடும். உங்களை உண்மையில் உறுத்துவது "அவர்கள் கேட்டதைத்தானே கொடுத்தேன், ஏன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை?" என்பது. அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த 30 என்ற எண். 1,140-இல் 30 என்றால் நூற்றுக்கு 2.6. தலைகுனிய வேண்டிய எண் அல்ல. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதியதிலிருந்து 90-9-1 என்று ஒரு கணக்கு புழங்குகிறது: நூறு பேரில் 90 பேர் படிக்க மட்டும் செய்வார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், பெரும்பாலானதை ஒருவரே எழுதுவார். இதை விதி என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். பல இடங்களில் தென்பட்ட போக்கு, அவ்வளவுதான். சின்ன, நெருக்கமான குழுவில் எழுதுவோர் பங்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எனக்குச் சந்தேகம் 1,140 மேல்தான். அது பெயர் பதிந்தவர்களின் எண்ணிக்கை. கடந்த 30 நாளில் ஒரு தடவையாவது உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர்? 150 பேர் வந்து 30 பேர் எழுதினால் குழு நன்றாகவே மூச்சுவிடுகிறது, ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை என்று பொருள். 900 பேர் வந்து 30 பேர் எழுதினால் படிக்க விஷயம் இருக்கிறது, எழுதத்தான் ஏதோ தடுக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸில் கோடிக்கணக்கில் கணக்குகள் இருந்தன. 2018-இல் அதை மூடப்போவதாக அறிவித்தபோது, பயனர் வருகைகளில் 90 சதவீதம் ஐந்து நொடிகூட நீடிக்கவில்லை என்று கூகுளே சொன்னது. ஆகவே வேறெதுவும் செய்யுமுன் அந்த 30 நாள் எண்ணை எடுத்துப் பாருங்கள்.

இப்போது கருத்துக்கணிப்புக்கு வருவோம். யாரிடம் கேட்டீர்கள்? ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களிடம். அவர்களிலும் பதில் சொல்லும் அளவுக்கு உங்கள் மேல் அன்புள்ள 212 பேரிடம். வளர்ச்சி வரவேண்டிய இடம் அதுவல்லவே. இன்னும் சேராதவர்கள், வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள், சேர்ந்தும் ஒரு வரி எழுதாதவர்கள், ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் என்று நான்கு வகை ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கணிப்பில் இவர்கள் குரல் அநேகமாக இல்லை. நால்வரில் மிகுதியாகக் கற்றுத்தருபவர் கடைசி வகை. அவருக்குத் தேவை இருந்தது, உங்களைக் கண்டுபிடித்தார், கூச்சத்தை விட்டு எழுதினார், அப்புறமும் போய்விட்டார். அந்தப் பட்டியல் உங்கள் தளத்திலேயே இருக்கிறது: ஒரே பதிவோடு நின்றவர்கள், கடைசியாக வந்து 30 நாளுக்கு மேல் ஆனவர்கள். அவர்களில் ஒவ்வொருவர் கேள்விக்கும் என்ன பதில் வந்தது, எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடக்கூடும்.

இரண்டாவது கோளாறு கேள்வியின் வடிவத்தில். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் மனிதர்கள் தங்களைப் பற்றிய ஒரு நல்ல படத்தை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து முறையாகப் படிக்கப்போகிற ஒருத்தரை அவர்கள் கற்பனை செய்கிறார்கள். பொத்தானை அழுத்துவதற்குச் செலவு ஒன்றுமில்லை, அழுத்திவிட்டார்கள். பொய் சொல்லவில்லை, வராத நாளைப் பற்றிச் சொன்னார்கள். வருங்காலத்தைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் இந்தக் கதிதான்: "இப்படி ஒன்று இருந்தால் பயன்படுத்துவீர்களா?" "எவ்வளவு அடிக்கடி வருவீர்கள்?" இவற்றை உங்கள் கேள்வித்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள். தொலைபேசியில் 25 முதல் 30 நிமிடம் போதும். தொடக்கக் கேள்வி ஒன்றே: "கடைசியாகத் தைத்துக்கொண்டிருக்கும்போது மாட்டிக்கொண்டு நின்றது எப்போது, என்ன ஆயிற்று?" பிறகு அந்த ஒரு நிகழ்ச்சியின் பின்னாலேயே போங்கள். அப்போது கையில் என்ன இருந்தது, முதலில் யாரிடம் கேட்டார், எங்கே தேடினார், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினார், கிடைத்த பதில் பொருந்தியதா, எவ்வளவு நேரம் போயிற்று, கடைசியில் என்ன செய்தார், துணி என்ன ஆனது. "பொதுவாக நான்..." என்று ஆரம்பித்தால் மெல்ல இழுத்து அந்த நாளுக்கே கொண்டுவாருங்கள். உங்கள் குழுவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்த நிமிடத்திலிருந்து அவர் உங்கள் மனம் நோகாமல் பேச ஆரம்பித்துவிடுவார். கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும், கேட்டால், சொல்லலாம். அவர் சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். ஏன் என்று பிறகு வருகிறேன். பேசிய அன்றே எழுதிவைத்துவிடுங்கள். மூன்று நாள் கழித்து எழுதினால் அவர் சொன்னதாக உங்கள் எண்ணத்தையே எழுதுவீர்கள்.

எத்தனை பேரிடம் பேசுவது? ஐந்து பேர் போதும் என்று ஒரு எண் எங்கும் சொல்லப்படும். அது முன்பு சொன்ன நீல்சனும் லாண்டவர் என்ற ஆய்வாளரும் 1993-இல் செய்த கணக்கிலிருந்து வந்தது. ஒரு திரையையோ மென்பொருளையோ பயன்படுத்தும்போது இடறும் இடங்களைக் கண்டுபிடிப்பதற்கான கணக்கு அது. என்ன தேவை என்று தேடுவதற்கு அதைக் கடன் வாங்குவது சரியல்ல. நடைமுறையில் ஒவ்வொரு வகையிலும் எட்டு முதல் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு, தொடர்ந்து மூன்று பேர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லையென்றால் அந்த வகையை நிறுத்தலாம். வகை என்று பிரிக்கும்போது வயதையோ ஊரையோ பார்க்காமல் என்ன நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள். மெஷின் வாங்கி ஒரு மாதம் ஆனவரும் பிறருக்குத் தைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். இருவருடைய தேவையும் ஒட்டவே ஒட்டாது. நண்பர்கள், உறவினர்கள் வேண்டாம். தைப்பவர்கள் இப்போது எங்கே சந்தேகம் கேட்கிறார்களோ அந்த இடத்தின் அட்மினிடம் முதலில் அனுமதி வாங்கிவிட்டு, தனிச்செய்தியில் இரண்டு வரி எழுதுங்கள். நீங்கள் யார், ஏன் கேட்கிறீர்கள், எதையும் விற்கவில்லை, எவ்வளவு நேரம் ஆகும். பத்துப் பேரைக் கேட்டு இரண்டு மூன்று பேர் ஒப்புக்கொண்டால் நல்ல அறுவடை.

பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இது உங்கள் துறையிலேயே இருக்கிற பாடம். துணிக்கு அடியில் நூல் சிக்கு கட்டினால் புதிதாகத் தைப்பவர் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகிப்பார். கழற்றுவார், துடைப்பார், புதிதாக ஒன்று வாங்குவார். கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கும்: துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்காமல் நூல் கோத்ததால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அது உட்காரவில்லை. தையல் விட்டு விட்டு விழுந்தால் மெஷின் போயிற்று என்பார். ஊசி மழுங்கியிருக்கும், அல்லது அந்தத் துணிக்கு அந்த ஊசி பொருந்தாது. இவரிடம் போய் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் "நல்ல பாபின் எங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல் வேண்டும்" என்பார். நேர்மையான பதில்தான். நீங்களும் பட்டியல் போடுவீர்கள். யாருக்கும் சிக்கு அவிழாது. மாட்டிக்கொண்ட அந்த ஒரு நாளை நிதானமாகச் சொல்லவைத்திருந்தால், "நூலைக் கோத்துவிட்டு ஃபுட்டை..." என்ற இடத்தில் உங்களுக்கே பொறி தட்டியிருக்கும். உறுப்பினர் சொல்லும் வலியை அப்படியே நம்புங்கள். அவர் சொல்லும் மருந்தை மட்டும் சரிபாருங்கள்.

அடுத்தது, கேட்காமலே கேட்பது. என்னைப் பொறுத்தவரை பேட்டியைவிட இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் சலிப்பான வேலை என்பதால் யாரும் செய்வதில்லை. உங்கள் ஆட்கள் இப்போது கேள்வி கேட்கும் பொது இடங்களுக்குப் போய், சமீபத்திய 200 கேள்விகளை எடுத்து ஓர் எக்செல் தாளில் வரிசைப்படுத்துங்கள். நெடுவரிசைகள் இவை: கேட்டவரின் சொற்கள் அப்படியே, நாள், படம் போட்டாரா, முதல் பதில் வர எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை பதில், பதில்கள் ஒன்றோடொன்று முரண்பட்டனவா, பதில் சொன்னவர் திருப்பிக் கேட்ட விவரம் என்ன, கேட்டவர் திரும்பி வந்து "சரியாகிவிட்டது" என்றாரா. பெயர்களை எழுதாதீர்கள், உங்களுக்கு அது தேவையும் இல்லை, எடுத்துவைப்பது முறையும் இல்லை. வகைப்படுத்தலை முன்கூட்டியே முடிவு செய்யாமல், 50 கேள்வி ஆன பிறகு என்ன குவியல்கள் உருவாகின்றன என்று பார்த்துப் பெயர் வையுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் என்றால் மொத்தம் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு மாத வேலையை வீணாக்கியதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

அந்தத் தாளில் பார்க்க வேண்டிய குவியல்கள் சில உண்டு. பதிலே வராத கேள்விகள் ஒன்று. அவை கடினமானவை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பதில் சொல்லப் போதுமான விவரம் இல்லாத கேள்விகள். "மெஷின் சரியாகத் தைக்கவில்லை, என்ன செய்வது?" என்றால் யார் என்ன சொல்ல முடியும்? இன்னொன்று, பதில் ஏற்கெனவே நூறு இடத்தில் இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை. அங்கேதான் சொல் இடைவெளி தெரியும். தெரிந்தவர் "மேல்நூல் டென்ஷன்" என்று எழுதிவைத்திருப்பார். தெரியாதவர் "கீழே நூல் கூடு கட்டுது" என்று தேடுவார். இரண்டும் சந்திப்பதே இல்லை. பேட்டியில் சொற்களை அப்படியே எழுதச் சொன்னது இதற்குத்தான்: உங்கள் பகுதித் தலைப்புகள், பழைய பதில்களின் தலைப்புகள், தேடல் குறிச்சொற்கள் எல்லாம் கேட்பவரின் வாய்மொழியில் இருக்க வேண்டும். உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் எதைத் தட்டி ஒன்றும் கிடைக்காமல் போனார்கள் என்ற பதிவும் இருக்கும். மாதம் ஒருமுறை அதைப் படியுங்கள். விலையில்லாத கருத்துக்கணிப்பு அது, அதில் யாரும் முகத்துக்காகப் பேசவில்லை.

மூன்றாவதாக ஒரு குவியல் இருக்கும், அதை எளிதில் தவறவிடுவோம். கேள்விபோல இருக்கும், கேள்வியாக இருக்காது. "இந்தக் காலரை இப்படி வைத்திருக்கிறேன், சரிதானா?" கேட்டவருக்குத் தகவல் வேண்டியதில்லை, துணியில் கத்தரி வைக்குமுன் தெரிந்த ஒருவர் "ம், வெட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். இந்தத் தேவையைக் காணொளி தீர்க்காது, பேட்டர்ன் தீர்க்காது. ஒரு மனிதர் மட்டுமே தீர்க்க முடியும். மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று இருந்தால்தான் குழுவுக்கே காரணம் இருக்கிறது. பாடம் மட்டும் போதுமென்றால் பாடம் எங்கும் கிடைக்கிறது. உங்கள் தாளில் இந்த வகைக் கேள்விகள் கணிசமாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

பதில் சொல்கிறவர்களையும் யாரும் பேட்டி எடுப்பதில்லை. அவர்களும் பயனர்கள்தான், அவர்களுக்கும் தேவை இருக்கிறது, அது வேறு தேவை. ஒரே கேள்விக்கு நாற்பதாவது தடவையாகப் பதில் எழுதக் கூடாது. தன் திறமைக்கு வேலை வைக்கும் கேள்வி வாரத்துக்கு ஒன்றாவது வர வேண்டும். சொன்ன யோசனை பலித்ததா என்று தெரிய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நீங்களே ஏற்பாடு செய்யலாம்: கேட்டவருக்கு மூன்று நாள் கழித்து "சரியாயிற்றா? ஒரு வரி எழுதுங்கள்" என்று நினைவூட்டல் அனுப்புங்கள். புள்ளிகள், பட்டங்கள், பதக்கங்கள் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன். சில இடங்களில் ஓடுகின்றன, சில இடங்களில் புள்ளிக்காக எழுதும் கூட்டத்தைக் கொண்டுவந்து விடுகின்றன. இதைவிட நம்பகமாக ஒன்று உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மூவிலென்ஸ் என்ற படப் பரிந்துரைத் தளத்தில் நடத்திய சோதனைகள் 2004-இல் வெளியாயின. உன் பங்களிப்பு மற்றவர்களிடம் இல்லாத தனித்தன்மை உடையது என்று நினைவூட்டப்பட்டவர்கள் கூடுதலாகப் பங்களித்தார்கள். "முடிந்ததைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட இத்தனை என்று எண் கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். படத்துக்கு மதிப்பெண் போடுவதும் கேள்விக்குப் பதில் எழுதுவதும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கையோடு இதைப் பயன்படுத்துங்கள். "யாராவது உதவுங்கள்" என்று பொதுவில் கூவுவதைவிட, "நீங்கள் கோட் தைப்பவர், இந்தக் கேள்வியைத் தொடக்கூடிய ஆள் இங்கே உங்களைத் தவிர இல்லை, இந்த வாரம் இப்படி மூன்று இருக்கின்றன" என்று ஒருவருக்கு எழுதுவது வேலை செய்யும்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு ஒரே ஒரு வாக்குறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான். உதாரணமாக: "படத்தோடு கேளுங்கள், அன்றைக்கே தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்வார்." பிறகு அதை நிறைவேற்ற எத்தனை கை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 15 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சராசரி இரண்டு பதில் என்றால் 30 பதில். சம்பளமில்லாமல் ஒருவர் சலிக்காமல் வாரம் ஐந்து எழுதுவார் என்று வையுங்கள். ஆறு பேர் வேண்டும். கேள்வி 60 ஆனால் 24 பேர். இந்தக் கணக்கைப் போடாமல் கூட்டத்தைச் சேர்த்தால் நடப்பது இதுதான்: கேள்வி பெருகும், பதில் சொல்பவர் அதே ஆறு பேர், இரண்டு மாதத்தில் மூவர் களைத்து நிற்பார்கள், பதில் தாமதமாகும், புதியவர் போய்விடுவார். வளர்ந்ததால் செத்த குழு என்று தனி இனமே உண்டு. ஆகவே பதில் சொல்பவர் எண்ணிக்கை ஏறிய அளவுக்கே கேட்பவர்களை அழைத்து வாருங்கள். நாள்வாரியாக முறை வைத்துக்கொண்டால், "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று எல்லோரும் சும்மா இருப்பது நிற்கும்.

விரைந்த பதிலுக்கு இவ்வளவு அழுத்தம் ஏன்? எலிசபெத் ஜாய்ஸ், ராபர்ட் கிராட் என்ற ஆய்வாளர்கள் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் முதல்முறை எழுதியவர்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள்: முதல் பதிவுக்குப் பதில் கிடைத்தவர்கள் மறுபடி எழுதும் வாய்ப்பு கூடுதல். இதில் உறுதியானது அந்தத் தொடர்பு மட்டுமே. பதில்தான் அவர்களைத் தங்கவைத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்குப் பதிலும் கிடைத்திருக்கலாம், ஊக்கமும் முன்பே இருந்திருக்கலாம். எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும் என்பதற்கும் பொது எண் கிடையாது. ஊசி முறிந்து நடுத்தையலில் நிற்பவருக்கு ஒரு மணி நேரமே நீளம். அடுத்த மாதம் தைக்கப்போகும் உடைக்குத் துணி தேர்ந்தெடுப்பவர் இரண்டு நாள் பொறுப்பார். உங்கள் பேட்டிகளில் "பிறகு என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு வந்த பதில்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தொடக்கத்தில் வெறிச்சோடியிருக்குமே என்று பயந்து போலிக் கணக்குகளில் தானே கேட்டுத் தானே பதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இணைப்புகளைப் பகிர்ந்து விவாதிக்கும் தளமான ரெடிட் 2005-இல் தொடங்கியபோது நிறுவனர்களே பல பெயர்களில் இணைப்புகளைப் போட்டு நிரப்பியதாக அவர்களே பின்னாளில் சொன்னார்கள். அதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்ள வேண்டாம்: இணைப்புகளைப் பகிரும் இடத்தில் அது பெரிதாக உறுத்தாமல் போகலாம், ஒருவரின் தடுமாற்றத்தை நம்பிப் பகிரும் இடத்தில் தெரிந்துவிட்டால் எழுந்திருக்கவே முடியாது. நேர்மையான வழி கையிலேயே இருக்கிறது. பேட்டியில் பேசியவரிடம், "அந்தக் கேள்வியை இங்கே போடுங்கள், பதில் சொல்ல ஒருவரைத் தயாராக வைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். இப்படி இருபது உண்மைக் கேள்விகள் உண்மைப் பதில்களோடு இருந்தால் எட்டிப் பார்ப்பவருக்கு இடம் புரிந்துவிடும். நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் சட்டென்று எழுந்ததைக் காட்டி உங்களைத் திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அதைத் தொடங்கிய ஜெஃப் ஆட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவருக்கும் பல ஆண்டாக எழுதிச் சேர்த்த பெரிய வாசகர் வட்டம் முன்பே இருந்தது.

கேட்பதில் ஒரு பொறி உண்டு. கொஞ்சநாளில் உங்கள் காதில் விழுவதெல்லாம் அந்த முப்பது பேர் குரலாக மட்டும் ஆகிவிடும். அவர்கள் நல்லவர்கள், உழைப்பவர்கள், ஆனால் பழையவர்களுக்கு வசதியானதும் புதியவர்களுக்கு வசதியானதும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய பல்கலைக்கழக மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் வந்து குழப்புவதும் பழையவர்கள் முணுமுணுப்பதும் அந்நாளில் வழக்கம். வணிகச் சேவைகள் வழியாகப் புதியவர்கள் வந்தபடியே இருந்ததால் 1993-இன் செப்டம்பர் முடியவே இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பான தொகுப்பாளர் எண்ணிக்கை 2007-இல் உச்சம் தொட்டு இறங்கியது. ஆய்வாளர் ஆரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்ந்தவர்களும் 2013-இல் காட்டிய காரணங்களில் ஒன்று, தரத்தைக் காக்க வந்த விதிகளும் கருவிகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களையும் தள்ளிவிட்டன என்பது. ஆகவே "இந்தக் கேள்வியை மறுபடி கேட்காதபடி தடைசெய்யுங்கள்" என்று பழையவர்கள் சொன்னால் அந்த வலியை மதியுங்கள், தடையைப் போடாதீர்கள். கேள்விப் பெட்டிக்கு மேலேயே நான்கு சின்னக் கட்டங்கள் வையுங்கள்: மெஷின் மாடல், துணி, ஊசி எண், இரண்டு பக்கத் தையலின் படம். பழையவர் எரிச்சலும் குறையும், புதியவருக்குப் பதிலும் கிடைக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: பயனர்கள் வாக்களித்துச் செய்திகளை மேலேற்றிய டிக் தளம் 2010 ஆகஸ்டில் தன் நான்காம் பதிப்பை இறக்கியபோது, பிடிக்காததைப் புதைக்கும் பொத்தான் போயிற்று, செய்தி நிறுவனங்கள் தாமாகவே செய்திகளைக் கொட்ட வழி வந்தது, பயனர்கள் கொதித்து, பலர் ரெடிட்டுக்குப் போனார்கள். பழையவர்கள் கையில் புழங்கும் ஒன்றை எடுக்குமுன் அவர்களிடம் பேசாமல் இருக்க முடியாது.

இனி யாராவது "இந்த வசதி வேண்டும்" என்று கேட்டால் சம்மதமும் சொல்லாதீர்கள், மறுக்கவும் மறுக்காதீர்கள், "இது கடைசியாக என்றைக்குத் தேவைப்பட்டது? அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நாள் சொல்ல முடியாத கோரிக்கைகளைத் தனிப் பட்டியலில் போட்டு மறந்துவிடலாம். மாதம் ஒருமுறை, என்ன கேட்டோம், எதைச் செய்கிறோம், எதைச் செய்யவில்லை, ஏன் என்று பத்து வரி எழுதிப் பொதுவில் வையுங்கள். செய்யாததற்கான காரணத்தைப் படித்தவர்கள் கோபித்துக்கொள்வது குறைவு. பதிலே வராமல் போனால்தான் மனம் விட்டுப்போகிறது.

இந்த வழியால் முடியாததும் உண்டு. தேவை உண்மையானதா என்று இது சொல்லும். எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லாது. முப்பது பேட்டியை வைத்து முப்பதாயிரம் பேரைக் கணிக்க முடியாது. இன்னொன்று, சில தேவைகள் ஒருதடவையோடு முடிந்துபோகும். மெஷின் பழுது அப்படி: சரியாகிவிட்டால் அவர் ஏன் மறுபடி வர வேண்டும்? உங்கள் 200 கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம் என்றால், உங்களுக்குத் தேவை குழு அல்ல, நன்றாக அடுக்கிய பதில் தொகுப்பு. அதற்கு உறுப்பினர் எண்ணிக்கையை எண்ணி ஏங்கவே வேண்டாம். தைப்பது தொடர்கிற வேலை. பழுது எப்போதாவது வருவது. எது கூடுதல் என்று தாள் காட்டிவிடும்.

அளக்க மூன்று போதும். முதல் கேள்விகளில் எத்தனை பங்குக்கு ஒரு நாளுக்குள் உருப்படியான பதில் கிடைத்தது. முதல்முறை எழுதியவர்களில் எத்தனை பேர் 30 நாளுக்குள் மறுபடி எழுதினார்கள். பதில்களில் எவ்வளவு, அதிகம் எழுதும் மூன்று பேர் கையிலிருந்து வருகிறது. மூன்றாவது பாதியைத் தாண்டினால், அந்த மூவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே குழுவுக்கும் வந்துவிடும். படிப்பதற்கு இரண்டு வாரம், பேசுவதற்கு மூன்று வாரம், அந்த ஒற்றை வாக்குறுதியைக் கையால் நடத்திப் பார்க்க ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முதல் இரண்டு எண்களும் அசையவில்லையென்றால் வாக்குறுதியை மாற்றுங்கள், தளத்தின் நிறத்தையோ மென்பொருளையோ அல்ல.

ஏற்கெனவே செய்துவைத்த காணொளிகளையும் பேட்டர்ன்களையும் தூக்கிப் போட வேண்டாம். இருபது நிமிடப் பாடத்தை ஒரு தடுமாற்றத்துக்கு ஒன்றாக 30, 40 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கேட்பவர் சொற்களிலேயே தலைப்பிட்டு, பதில் சொல்பவர்கள் கையில் கொடுங்கள். நாற்பதாவது தடவை எழுதுவதற்குப் பதில் துண்டை ஒட்டிவிட்டு, அந்தக் கேள்விக்கே உரிய ஒரு வரியை மட்டும் சேர்ப்பார்கள். பேட்டர்ன்கள் விஷயத்தில், டவுன்லோட் செய்தவர்களில் பத்துப் பேரை அழைத்து, பிரிண்ட் எடுத்தார்களா, வெட்டினார்களா, எந்த இடத்தில் நின்றார்கள் என்று கேளுங்கள். பலர் பிரிண்டரில் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கும் அமைப்போடு எடுத்து, அளவு குறைந்து, துணியை வீணாக்கியிருக்கக் கூடும். அப்படியானால் ஒவ்வொரு தாளின் மூலையிலும் 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, "வெட்டுமுன் இதை ஸ்கேலால் அளந்து பாருங்கள், குறைந்தால் நூறு சதவீத அளவில் மறுபடி எடுங்கள்" என்று அதன் கீழே எழுதிவிடுங்கள்.